யார் அந்த லோட்டன்?

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் குத்தம்பாக்கத்துக்குப் போயிருந்தேன். பூந்தமல்லியைத் தாண்டி, திருமழிசையையும் தாண்டிப் பெங்களூர் சாலையில் போனால் வருகிற ஊர் அது. வடக்கே கொஞ்ச தூரத்தில் கூவம் ஆறு. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. 1996-ல் பஞ்சாயத்துத் தலைவராக வந்த இளங்கோ என்பவர், காந்தியடிகள் சொன்ன கிராம சுயராஜ்யத்தை அங்கே நடத்திக் காட்ட முயன்றதால், வெளியூர்ப் பத்திரிகைகளிலெல்லாம் ஒரு காலத்தில் அடிபட்ட பெயர். பட்டணம் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து இப்போது ஊர் வாசலுக்கே வந்துவிட்டது.

என் பழைய நண்பர் ஒருவருடைய வீடு அங்கே இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் 'டொக், டொக்' என்று சத்தம் கேட்டது. பார்த்தால், கட்டை விரல் பருமனுள்ள ஒரு கறுத்த குருவி, கண்ணாடிக்குள் இருக்கும் தன் நிழலோடு மல்யுத்தம் செய்துகொண்டிருந்தது. வெயில் பட்ட போதுதான் தெரிந்தது, அது கறுப்பே அல்ல என்று. தலையில் ஒரு கணம் பச்சை, கழுத்தில் ஒரு கணம் ஊதா, மார்பில் மருதாணிச் சிவப்பாக ஒரு பட்டை. அலகு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் நீண்டு, அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

"தேன்சிட்டு" என்றேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட வேண்டுமென்ற அவசரத்தில்.

நண்பருடைய பேரன் கல்லூரியில் படிக்கிறவன். கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஏரிக்கரையெல்லாம் சுற்றுகிறவன். "தேன்சிட்டுதான் தாத்தா. ஆனால் எந்தத் தேன்சிட்டு என்று சொல்ல வேண்டாமா? இது லோட்டன் தேன்சிட்டு" என்றான்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த நண்பரின் தாயார் தலையை நிமிர்த்தினார். எண்பது வயதைத் தாண்டியவர். "லோட்டனா? யாருடா அவன்? நம்ம ஊர் ஆளா?" என்றார்.

பையன் விழித்தான். புத்தகத்தில் பெயர் இருந்தது. ஆளைப் பற்றி ஒன்றுமில்லை. "ஐயாவைக் கேளம்மா, அவர்தான் எழுத்தாளர்" என்று நண்பர் என்னை மாட்டிவிட்டார். நானும் விழித்தேன். "அடுத்த தடவை வரும்போது சொல்லுகிறேன் அம்மா" என்று ஒரு வாக்குறுதி கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன். அந்த வாக்குறுதியின் பயன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பறவையை அறிமுகப்படுத்திவிடுகிறேன். சென்னையிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் மூன்று வகைத் தேன்சிட்டுகள் உண்டு. மார்பும் வயிறும் மஞ்சளாக, முதுகு கருஞ்சிவப்பாக இருப்பது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. நம் வீட்டுச் செம்பருத்திக்கு வருவது பெரும்பாலும் இதுதான். முழுவதும் கருநீலமாக மின்னுவது ஊதாத் தேன்சிட்டு. மூன்றாவது நம் லோட்டன். மூன்றிலும் இதற்குத்தான் அலகு மிக நீளம். ஊதாத் தேன்சிட்டோடு சேர்த்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அலகைக் கவனித்தால் போதும். இந்த அழகெல்லாம் ஆணுக்குத்தான். பெண் சிட்டு மேலே மங்கிய பச்சை, கீழே வெளிறிய மஞ்சள். இலைகளுக்கு நடுவே இருந்தால் கண்ணிலேயே படாது.

மரச் செறிவுகளில் பிறந்து வளர்ந்த இனம் என்றாலும், மனிதன் வாழை வைத்தால், முருங்கை வைத்தால், அங்கேயும் வந்து குடியேறிவிடும். பூவுக்குள் அலகை நுழைத்து, குழல் போன்ற நாக்கினால் தேனை உறிஞ்சும். பூ ஆழமாக இருந்தால் அடிப்புறத்தில் ஓட்டை போட்டுத் திருடுவதும் உண்டு. தேனை மட்டும் குடித்து ஜீவிப்பதில்லை. சிலந்தியும் சிறு பூச்சியும் வேண்டும். குஞ்சுகளுக்கோ பூச்சிதான் முக்கியமான ஆகாரம்.

இதைப் பார்த்து 'ஹம்மிங் பேர்டு' என்று சொல்லுகிறவர்கள் பலர். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதற்கும் இதற்கும் உறவில்லை. இருவரும் ஒரே தொழில் செய்வதால் ஒரே சாயல் வந்துவிட்டது, அவ்வளவுதான். அது அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். நம் சிட்டுக்கு அந்த வித்தை கொஞ்சம் தெரியுமென்றாலும், காம்பில் சௌகரியமாக உட்கார்ந்து குடிப்பதில்தான் அதற்குத் திருப்தி.

இனி லோட்டனுக்கு வருவோம்.

யோவான் கிடியோன் லோட்டன் 1710-ல் ஹாலந்து தேசத்தில் பிறந்தவர். நம் புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்ததற்கு மறு வருஷம். ஒல்லாந்தர் என்று நம் பெரியவர்கள் குறிப்பிட்ட டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் ஏற்று, 1732-ல் ஜாவாத் தீவின் பட்டேவியா நகருக்கு வந்தார். அதுதான் இன்றைய ஜகார்த்தா. பிறகு மகாசாரில் கவர்னர். 1752-ல் இலங்கைக்குக் கவர்னராகிக் கொழும்புக்கு வந்து, 1757 வரை இருந்தார்.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல. குத்தம்பாக்கம் இருக்கிற இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரையில், பழவேற்காட்டில், சோழமண்டலக் கரைக்கே தலைமையாக ஒரு கோட்டை கட்டியவர்கள் அவர்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். லோட்டன் கொழும்பில் ஆண்ட காலம் நம் பக்கத்தில் மிகவும் கொந்தளிப்பான காலம். 1751-ல் கிளைவ் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக ஆற்காட்டுக்குப் படை கொண்டு போனான். 1754-ல் டூப்ளே பதவி இழந்து பிரான்சுக்குத் திரும்பினார். கர்நாடகம் பீரங்கிப் புகையில் மூழ்கியிருந்த அந்த வருஷங்களில், பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு கவர்னர் குருவிகளுக்குப் படம் எழுதுவித்துக்கொண்டிருந்தார்!

அவருக்கு வேலை இல்லாமல் இல்லை. கம்பெனிக்கு வேண்டியது இலவங்கப் பட்டை. அதைக் குறைவில்லாமல் கப்பலேற்றுவது கவர்னரின் முதல் கடமை. மலைநாட்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர், நாயக்க வமிசத்தவர். அவரோடு பகைக்காமலும் பணியாமலும் காலம் தள்ள வேண்டும். 1753-ல் சயாம் தேசத்திலிருந்து பௌத்த பிக்குகளைக் கண்டிக்கு அழைத்து வந்ததும் டச்சுக்காரர்களின் கப்பல்தான். 1755-ல் லோட்டனின் மனைவி கொழும்பிலேயே காலமானாள். அதிகாரமும் துக்கமும் நிறைந்த அந்த வாழ்க்கையில், பறவைகளையும் பூச்சிகளையும் செடிகளையும் பார்ப்பதில் அந்த மனிதர் ஆறுதல் தேடியிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் வரைந்தது லோட்டன் அல்ல. படங்களை எழுதியவர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே என்பவர். இலங்கையிலேயே பிறந்தவர், ஐரோப்பிய ரத்தமும் இலங்கை ரத்தமும் கலந்த குடும்பம். நில அளவையும் வரைபடமும் அவருடைய பிழைப்பு. எல்லைக் கோடு போடப் பழகிய கையை லோட்டன் பறவைக்குத் திருப்பிவிட்டார். பறவையைப் பிடித்து வந்தவர்கள் யார், சுட்டவர்கள் யார், அது எந்த மரத்தில் கூடு கட்டும் என்று சொன்ன கிராமத்தார் யார் என்பதையெல்லாம் சரித்திரம் எழுதி வைக்கவில்லை.

தேன்சிட்டை வரைவது எத்தனை கஷ்டம் என்று சற்று யோசித்துப் பாருங்கள். கிளியின் பச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் பச்சைதான். தேன்சிட்டின் நிறம் அப்படி இல்லை. அதன் இறகில் அந்தப் பச்சைக்கும் ஊதாவுக்கும் சாயமே கிடையாது. இறகின் நுண்ணிய இழைகளில் மிக மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன; அவற்றில் ஒளி பட்டுச் சிதறும்போது உண்டாகிற ஜாலம் அது. சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிறதே, அதற்கு நெருங்கிய உறவு. நாம் ஓர் அடி நகர்ந்தால் பச்சை நீலமாகிவிடும்; நிழலுக்குப் போனால் வெறும் கறுப்பு. அசையாத காகிதத்தில் அசைகிற நிறத்தை எப்படிப் பிடிப்பது? டி பெவெரே நீர்வர்ணத்தை வைத்துக்கொண்டு இந்த மாதிரிப் பறவைகளோடு போராடியிருக்கிறார். கண்ணாடியோடு போராடிய நம் குருவியை விட அவருடைய போராட்டம் பயனுள்ளது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லோட்டன் ஐரோப்பாவுக்குத் திரும்பி, பிறகு லண்டனில் குடியேறினார். டி பெவெரேயின் படங்களும் அவரோடு போயின. 1760-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது. லண்டன் விஞ்ஞானிகளுக்கு இந்தப் படங்கள் பெரும் புதையல். தாமஸ் பென்னன்ட் 1769-ல் வெளியிட்ட இந்திய விலங்கியல் நூலுக்கும், பீட்டர் பிரவுன் 1776-ல் வெளியிட்ட விலங்கியல் சித்திர நூலுக்கும் இவை உதவின. ஜோஸப் பாங்க்ஸ் என்னும் செல்வந்தர் இவற்றைப் பிரதி எடுக்க சிட்னி பார்க்கின்சன் என்ற இளைஞரை அமர்த்தினார். அந்த இளைஞர்தான் பிறகு காப்டன் குக்கோடு எண்டெவர் கப்பலில் பயணம் செய்து, 1771-ல் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்துபோனவர்.

இதற்கிடையில் ஸ்வீடன் தேசத்தில் லின்னேயஸ் என்ற பேராசிரியர் உலகத்து உயிர்களுக்கெல்லாம் நாமகரணம் செய்துகொண்டிருந்தார். 1766-ல் வெளிவந்த அவருடைய நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் நம் தேன்சிட்டுகள் இரண்டுக்கு லத்தீன் பெயர் கிடைத்தது. மஞ்சள் வயிற்றுக்காரிக்கு இலங்கையின் பெயர். நீண்ட அலகுக்காரனுக்கு லோட்டனின் பெயர். மூன்றாவதான ஊதாத் தேன்சிட்டு 1790-ல் லேதம் என்ற ஆங்கில வைத்தியரின் கையால் ஆசியாவின் பெயரைப் பெற்றது. லின்னேயஸ் ஆசியாவுக்கு வந்தவரே அல்ல. மரப்பட்டையில் ஊர்ந்து பூச்சி பொறுக்குகிற ஓர் ஐரோப்பியக் குருவியின் குடும்பத்தில் தேன்சிட்டுகளைச் சேர்த்து வைத்தார். கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றுக்குத் தனிப் பிரிவு வகுக்க 1816 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, பெயர் வைத்தவர் பறவை வாழ்ந்த இடத்தைப் பார்க்கவில்லை. கிட்ட உட்கார்ந்து பார்த்து வரைந்தவருக்குப் பெயர் இல்லை. படத்துக்குக் கூலி கொடுத்தவரின் பெயர் நிலைத்துவிட்டது.

இப்படிச் சொல்வதால் லோட்டனைத் தூற்றுவதாக வாசகர்கள் நினைக்கக் கூடாது. 1789-ல் அவர் இறந்த பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் வைத்தார்கள். பதவியில் இருந்தவர்களுக்குச் சலவைக்கல் கிடைப்பது அதிசயமல்ல. இலவங்கப் பட்டையை எடை போட வந்தவர் ஒரு குருவியையும் கவனித்தார் என்பதுதான் அதிசயம். அவர் இல்லாவிட்டால் டி பெவெரேயின் படங்களும் இருந்திரா. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலும், ஹாலந்தில் ஹார்லெம் நகரத்து டெய்லர்ஸ் அருங்காட்சியகத்திலும் அவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

நம் சென்னைக்கும் இந்தச் சரித்திரத்தில் பங்கு உண்டு. லோட்டன் மூன்று வயதுக் குழந்தையாக இருந்த 1713-ம் ஆண்டிலேயே, செயின்ட் ஜார்ஜ் கோட்டை வைத்தியர் எட்வர்ட் பக்லி அனுப்பிய சென்னைப் பறவைகளின் படங்களும் விவரங்களும் ஜான் ரே என்பவரின் லத்தீன் நூலில் அனுபந்தமாக வெளிவந்தன. 1836-ல் சென்னைக்கு வைத்தியராக வந்த ஜெர்டன், தென்னாட்டுப் பறவைகளை வரிசைப்படுத்தி, இந்திய ஓவியர்களைக் கொண்டு ஐம்பது சித்திரங்கள் எழுதுவித்து, 1840-களில் சென்னையிலேயே அச்சிட்டார். மறுபடியும் அதே கதைதான்: துரை ஒருவர், தூரிகை பிடித்த கை வேறொருவருடையது.

இந்தக் கதை மாறுவதற்கு இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. பம்பாயில் சாலிம் அலி 1931, 1932-ம் ஆண்டுகளில், தேன்சிட்டு பூவுக்கு என்ன செய்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். அதில் மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு கெட்ட செய்தி இருந்தது. மாமரத்தை உறிஞ்சும் புல்லுருவியின் நீண்ட பூக்களில் மகரந்தத்தைச் சேர்ப்பது இந்த அழகிய தேன்சிட்டுதான். பழுத்த பிறகு விதையைக் கிளைக்குக் கிளை ஒட்டி வைப்பது பூக்கொத்திக் குருவி. ஒருவர் கல்யாணம் செய்து வைக்கிறார். மற்றவர் குடித்தனம் வைக்கிறார்! அழகாயிருப்பதெல்லாம் நமக்கு நன்மை செய்வதற்காகவே படைக்கப்பட்டது என்ற எண்ணத்தை விட்டுவிட இது நல்ல பாடம்.

சென்னையிலோ, 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் தோன்றினார். தாமே பார்த்தார், தாமே வரைந்தார், தாமே புகைப்படம் பிடித்தார், தமிழிலும் ஆங்கிலத்திலும் தாமே எழுதினார். 1950 முதல் 1996-ல் மறையும் வரை கல்கத்தாப் பத்திரிகை ஒன்றில் அவர் எழுதிய பத்தி நிற்கவே இல்லை. தகப்பனார் மனிதர்களைக் கவனித்தார். பிள்ளை பறவைகளைக் கவனித்தார். இரண்டுக்கும் வேண்டிய பொறுமை ஒன்றேதான் என்பது நாவல் எழுதுகிறவனுக்குத் தெரியும்.

இப்போது புதிதாக ஒரு விவாதம் கிளம்பியிருக்கிறது. 2023-ல் அமெரிக்கப் பறவையியல் சங்கத்தார், தங்கள் வரம்புக்கு உட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் மனிதர்களின் பெயர் ஒட்டியிருந்தால் அதை மாற்றிவிடுவதாக அறிவித்தார்கள். நம் சிட்டையும் 'நீண்ட அலகுத் தேன்சிட்டு' என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது நல்ல பெயர்தான். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். ஆனால் ஒரு பெயரை அழித்துவிட்டால் அதனடியில் புதைந்திருக்கும் கதையும் போய்விடுமே என்று எனக்குத் தோன்றுகிறது. லோட்டன் இருக்கட்டும், பக்கத்தில் விட்டுப்போன பெயர்களையும் எழுதுங்கள் என்பதே என் கட்சி.

மூன்று வாரம் கழித்து மறுபடி குத்தம்பாக்கம் போனேன். மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்குப் பழைய துணியால் ஒரு முக்காடு போட்டிருந்தது. "வீணா மண்டைய ஒடைச்சிக்கினு கெடக்குது தம்பி, அதான் கட்டி வெச்சேன்" என்றார் நண்பரின் தாயார்.

கிணற்றடிக்கு என்னை அழைத்துப் போய் எலுமிச்சை மரத்தைக் காட்டினார். கிளையில் சிலந்திகள் கூட்டமாகச் சேர்ந்து பின்னிய வலை, அழுக்குத் துணி மூட்டை மாதிரித் தொங்கியது. அந்த வலைக்குள்தான் தேன்சிட்டின் கூடு! லோட்டன் தேன்சிட்டு இப்படிச் சிலந்தியின் வலையிலேயே இடம் பிடிப்பது உண்டு என்று நான் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்தேன். அவர் படிக்காமலே தெரிந்துவைத்திருந்தார்.

"கட்டினது பூரா பொட்டைதான். முட்டைமேல ஒக்காந்ததும் அதுதான். ரெண்டு முட்டை. இந்தக் கறுப்பன் சும்மா மெனுக்கிக்கினு கண்ணாடியாண்ட சண்டைக்குப் போவான். குஞ்சு பொரிச்சப்புறம்தான் அவனும் கொஞ்சம் பூச்சி கொண்டாந்து குடுத்தான்."

அத்தனையும் சத்தியம். பறவை நூல்கள் சொல்லுவதும் ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் இதுதான்.

அந்த இடத்தில் ஓர் அறை கட்டுவதற்காக நண்பர் மேஸ்திரியோடு பேசி முடித்திருந்தார். எலுமிச்சையை வெட்டிவிட்டுக் கடைக்கால் தோண்ட வேண்டும். "குஞ்சு பறந்தப்புறம் வெட்டு, அதுவரைக்கும் ஒருத்தன் கிட்ட வரக் கூடாது" என்று தாயார் கிணற்றடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். கூடு காலியாகி அன்றோடு இரண்டு நாள் ஆகியிருந்தது. மறுநாள் மரம் போய்விடும். ஊரில் நிலம் விற்கிற விலையில் ஓர் எலுமிச்சை மரத்துக்காக அதற்கு மேல் வாதாட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் கான்கிரீட் வீட்டில் குடியிருப்பவன்தானே?

திண்ணையில் உட்கார்ந்து லோட்டன் கதையைச் சொன்னேன். கப்பல், இலவங்கப் பட்டை, இறந்துபோன மனைவி, லண்டன், எல்லாவற்றையும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"படம் போட்டானே அந்தப் புள்ள, அவன் பேர இதுக்கு வெக்கலியா?"

"வைக்கவில்லை அம்மா."

"தொரைக்குத்தான் வெச்சாங்களாக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டார்.

பேரன் தன் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். தேதி, மரம், தரையிலிருந்து கூட்டின் உயரம், முட்டை இரண்டு, குஞ்சுகள் பறந்த நாள், எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தான். 'பார்த்தவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான். பையன் சிறிது நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு தன் பெயரை அடித்துவிட்டு, பாட்டியின் முழுப் பெயரையும் எழுதினான்.

அந்தப் பெயரை இங்கே அச்சிட்டிருப்பேன். "பத்திரிகையிலெல்லாம் என் பேரு எதுக்கு? வேணாம் தம்பி" என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.